இத்தாலிக்காரர் பெஞ்ச்

டூரின், இத்தாலி
12 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். இன்றுவரை பண்ணவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று சொன்னதாக நினைவில்லை. திவ்யாவின் மெயிலுக்கு அனுப்புகிறேன். "அச்செடுத்து அப்பா மேஜையில் வச்சிடுறேன் அத்தை" என்றாள். அவளைக் கோபிக்காதீர்கள்.

முதலில் வேலை விஷயம். நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் அக்டோபரில் ஒரு கண்காட்சி. ஒத்தாவியோ பிரேனா என்ற கட்டடக் கலைஞரின் வாழ்நாள் வேலை. போன நவம்பரில், தொண்ணூறு வயதில் இறந்துபோனார். பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நம்மூரில் எல்லோருக்கும் அவர் 'இத்தாலிக்காரர்'. பேரையூர் கல்யாண மண்டபத்தைக் கட்டியவர்.

அவருடைய அப்பா சவப்பெட்டி செய்கிறவர். "சவப்பெட்டியில் யாரும் சாய்ந்து உட்கார வேண்டியதில்லை. அதனால் நாற்காலி எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை" என்று பிரேனா ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஒரு பள்ளிக்கூடம், ஒரு நூலகம், தொழிலாளர் குடியிருப்பு ஒன்று கட்டினார். குடியிருப்பில் குடிவந்தவர்கள் சுவரையெல்லாம் இடித்து மாற்றிக்கொண்டார்கள். கட்டடத்தை விட்டுவிட்டு நாற்காலி, முக்காலி, விளக்கு என்று செய்யத் தொடங்கினார். அதில்தான் பெயர் வந்தது. ஐம்பத்தொரு வயதில் கூட்டாளியோடு சண்டை. அதன்பின் இரண்டு வருடம் அவரைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 'இந்தியப் பயணம்' என்று மட்டும் இருக்கிறது. திரும்பி வந்து ஒரு பெஞ்ச் செய்தார். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பக்க பெஞ்ச். அதற்குப் பரிசு கிடைத்தது. இன்று இங்குள்ள ரயில் நிலையங்களில் எல்லாம் கிடக்கிறது.

சாவதற்கு முன்பு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பகுதியை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முந்தைய கதை. அந்த பெஞ்சை எதற்காகச் செய்தார்? நீங்கள் இருபத்தாறு வருடமாகத் தாலுகா நிருபர். விசாரித்துச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

இதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். திவ்யாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். பத்திரிகையில் என் பெயர் வருமா? நான் வரலாமா? கேட்டுவிட்டேன்.

ஜோதி


பேரையூர்
21 மே 2025

நாகஜோதிக்கு,

கடிதம் கிடைத்தது. இதைக் கையால் எழுதி திவ்யாவிடம் கொடுக்கிறேன். படம் எடுத்து அனுப்புவாள். அது போன் ஆகாது.

நீ கேட்ட விவரம். மண்டபம் கட்டியது 1986, 87. அப்பா அப்போது மண்டபக் கமிட்டிச் செயலாளர். இத்தாலிக்காரர் மதுரையில் ஏதோ ஒரு கல்லூரிக் கட்டடத்துக்காக வந்து, அது நடக்காமல் போய், சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். மரம் வாங்கப் போன இடத்தில் அப்பாவுக்குப் பழக்கம். எந்த மரக்கடை என்று உனக்கே தெரியும்.

பெஞ்ச் பந்திக்காகச் செய்தது. அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். நம்மூர்ப் பந்தியில் ஒருவன் சாப்பிட உட்கார்ந்தால் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்காரன் இடம் பிடித்து நிற்பான். "நீங்க மெதுவாச் சாப்பிடுங்கண்ணே, நான் சும்மாதான் நிக்கிறேன்" என்பான். கை மட்டும் நாற்காலி முதுகை விடாது. "இன்னும் ரசமே வரலையேப்பா, பின்னாடி நின்னு மூச்சு விட்டா எப்படித் திங்கிறது?" என்று உட்கார்ந்தவன் கத்துவான். இதைப் பார்த்த இத்தாலிக்காரர், நிற்கிறவனும் உட்காரட்டும் என்று பின்பக்கம் ஓர் இருக்கை சேர்த்தார். முன்னால் இருப்பவன் எழுந்தால் பின்னால் இருப்பவன் சுற்றி வந்தால் போதும்.

அது நடக்கவில்லை. பின்பக்கம் உட்கார்ந்தால் இலை தெரியாது. முன்னால் இருப்பவன் ரசத்தில் இருக்கிறானா மோரில் இருக்கிறானா என்று தெரியாமல் எவன் உட்காருவான்? எல்லோரும் பழையபடி நின்றார்கள். அவர் எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். நாற்பது பெஞ்ச் போட்டது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தபின் எல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் சமையல்கட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. வாழையிலைக் கட்டு அடுக்குகிறார்கள். படம் வைத்திருக்கிறேன்.

கல்யாணம் ஆவணி பத்தொன்பது. அதே மண்டபம்.

தங்கப்பாண்டி


டூரின்
29 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தேதி எழுதியதற்கு நன்றி. நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை. நாலு தடவை படித்துவிட்டேன். ஆசிப்பிடம் கொடுத்தேன். அவரும் படித்துவிட்டு, "மச்சான் வரச் சொல்றாரா, தேதி சொல்றாரா?" என்று என்னையே கேட்கிறார்.

பெஞ்ச் விஷயத்திலும் குழப்பம் கூடிவிட்டது. பந்திக்காகச் செய்தது என்று நீங்கள் எழுதியதை என் மேலதிகாரியிடம் சொன்னேன். அந்த அம்மையார் சிரித்துவிட்டார். ஏனென்றால் அந்த பெஞ்சுக்கு பிரேனா தானே வைத்த பெயர் 'பேசாதவர்கள்'. மனைவியைப் பிரிந்த துக்கத்தில் செய்தது என்று இங்கே மூன்று புத்தகங்கள் சொல்கின்றன. பிரேனாவின் மகளைக் கேட்டேன். "அப்பாவும் அம்மாவும் பிரிந்தது பெஞ்ச் வந்து ஐந்து வருடம் கழித்து" என்கிறார். அப்படியானால் பேசாதவர்கள் யார்?

நேற்று மாமா, ஆசிப்பின் வாப்பா, போனில் வேறொன்று சொன்னார். பந்தியும் இல்லை, துக்கமும் இல்லை, அது தங்கள் மரக்கடைப் பட்டறையில் நடந்த ஒரு தப்பு என்கிறார். முழுதாகக் கேட்பதற்குள் இருமல் வந்துவிட்டது. காதும் சரியாகக் கேட்பதில்லை. யாராவது நேரில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு.

நீங்கள் போக மாட்டீர்கள். தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஜோதி


பேரையூர்
15 ஜூன் 2025

நாகஜோதிக்கு,

வேறு வேலையாக மதுரை போனேன். அது முடிந்தும் நேரமிருந்தது. சிம்மக்கல் பக்கம்தானே என்று நடந்தேன். அவ்வளவுதான்.

கடையில் சேக் இஸ்மாயில் பாய் இல்லை. மாடியில் வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தது உன் மாமியார். என்னைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, முத்துக்கருப்பண்ணே மகன் வந்திருக்காரு" என்றார். ஜோதியின் அண்ணன் என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று பிடிபடவில்லை.

பாய் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி. ஆறு வருஷமா?" என்றார். "ஆமா பாய், ஒரு விவரம் கேக்க வந்தேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் சொன்னது இது. இத்தாலிக்காரர் ஒரே தாளில் ஒரு பெஞ்சை முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் வரைந்து கொடுத்துவிட்டு ஊட்டிக்குப் போய்விட்டார். நடுவில் ஒரு கோடு. பட்டறையில் தலைமை ஆசாரி காளை அதை ஒரே சாமான் என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் முதுகில் சேர்த்து அடித்துவிட்டார். "திரும்பி வந்து பாத்தாரு. எனக்கு உசுரு இல்ல. தேக்கு தம்பி, அம்புட்டும் தேக்கு. மனுசன் அதச் சுத்திச் சுத்தி வந்தாரு. இந்தப் பக்கம் உக்காந்தாரு, அந்தப் பக்கம் உக்காந்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க! நாப்பது வேணும்னு விரலக் காட்டினாரு."

இதை அங்கேயே நோட்டில் குறித்துக்கொண்டிருக்கும்போதே உன் மாமியார் உள்ளேயிருந்து, "அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்லையே. நாகூர் போயிருந்தீங்க" என்றார்.

"நாகூர் போனது அதுக்கு மொத வாரம்."

"மொத வாரம் எங்க வாப்பாவுக்கு மேலுக்கு முடியலன்னு திண்டுக்கல் போனோம். நாகூர் அந்த வாரம்தான்."

"அப்பக் கண்ணால பாத்த மாதிரி எப்படி ஞாபகம் இருக்கு எனக்கு?"

"காளை சொல்லிச் சொல்லி உங்களுக்குப் பாத்த மாதிரி ஆயிருச்சு."

காளை இறந்து பல வருடமாகிறது. ஆகவே பாய் பார்த்தாரா, கேட்டாரா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. பந்திக்கு என்று அப்பா சொன்னாரே என்று கேட்டேன். "உங்க வாப்பா கமிட்டிக்கு ஒரு காரணம் சொல்லணும்ல தம்பி? தப்பா அடிச்சுட்டோம்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?" என்றார். அப்பா அப்படிச் செய்யக்கூடியவர்தான். செய்தாரா என்று தெரியாது.

சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது உன் மாமியார் தம்ரூட் என்று ஓர் இனிப்பைக் கட்டிக் கொடுத்தார். பாய் படிவரை வந்து, "பேத்திக்குக் கல்யாணமாமே. அல்லா நல்லபடியா முடிச்சு வைப்பான்" என்றார். திவ்யாவைப் பேத்தி என்றார். நான் "ஆமா" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பஸ்ஸில் உசிலம்பட்டி வரை யோசித்தேன்.

தங்கப்பாண்டி


டூரின்
24 ஜூன் 2025

அண்ணே,

நீங்கள் போனீர்கள் என்று படித்ததும் எனக்கு அழுகை வந்தது. முழுவதும் படித்ததும் கோபம் வந்தது. பெஞ்சைப் பற்றி எத்தனை பக்கம் எழுதுகிறீர்கள்! அத்தை பெயர் பத்திரிகையில் உண்டா என்பதற்கு ஒரு வார்த்தை போதும். 'உண்டு' அல்லது 'இல்லை'. இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். இப்படித் தொங்கவிட்டால்தான் முடியவில்லை. விமான டிக்கெட் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

நான் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்த அன்று உங்களைக் கூப்பிடவில்லை. உண்மை. சொல்லியிருந்தால் வந்திருப்பீர்களா? தடுத்திருப்பீர்கள். அதனால் முடிந்த பிறகு, வெளியே வந்து முதல் போன் உங்களுக்குத்தான் செய்தேன். ஆசிப் தன் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால். நீங்கள் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு வைத்தீர்கள். பின்னால் யாரோ பேசும் சத்தம், பாத்திரச் சத்தம். என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியோடு ஆறு வருடம் இருந்திருக்கிறேன்.

பெஞ்ச் விஷயத்தில் நான் எதையும் எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். பந்திக்கு என்றால் அது பயன்படவில்லை. தப்பு என்றால் அதைப் பார்த்தவர் இல்லை. 'பேசாதவர்கள்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை. மண்டபத்தில் வேறு யாராவது பழைய ஆள் இருக்கிறார்களா?

ஜோதி


பேரையூர்
10 ஜூலை 2025

ஜோதிக்கு,

மண்டபக் காவலாளி சோணைமுத்துவைப் பார்த்தேன். அவர் சொல்வது மூன்றாவது கதை.

"அந்த பெஞ்சு பேச்சுவார்த்தை இல்லாதவுகளுக்குப் போட்டது தம்பி" என்கிறார். பங்காளிக்குள் சண்டை என்றாலும் கல்யாணத்துக்கு வராமல் இருக்க முடியாது. வந்தால் எதிரெதிரே உட்கார முடியாது. தள்ளி உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். இந்த பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால், சேர்ந்து உட்கார்ந்த மாதிரியும் ஆயிற்று, முகம் பார்க்காத மாதிரியும் ஆயிற்று. ஆளாளுக்கு எதிரிலிருக்கும் தூணைப் பார்த்துப் பேசுவார்களாம். "தூணே, ஒங்க அய்யன் கெணத்துத் தண்ணிய எங்க ஆடு குடிச்சா கொறஞ்சா போகும்?" என்று ஒருவர் கேட்டால், "தூணே, ஆடு குடிக்கல, ஆட்டுக்காரன்ல மோட்டாரப் போட்டான்" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும். இத்தாலிக்காரர் இதை ஒரு கல்யாணத்தில் பார்த்துவிட்டுத்தான் செய்தார் என்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். சோணைமுத்து வேலைக்குச் சேர்ந்தது இத்தாலிக்காரர் ஊரைவிட்டுப் போய் மூன்று வருடம் கழித்து. ஆகவே இதுவும் அவர் கேள்விப்பட்டதுதான். ஜனங்கள் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து அவர் பெஞ்ச் செய்தாரா, பெஞ்ச் வந்த பிறகு ஜனங்கள் அப்படி உட்கார்ந்தார்களா, அதை அவர் பார்த்துவிட்டுப் போய்ப் பெயர் வைத்தாரா, எனக்கும் தலை சுற்றுகிறது. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அது மட்டும் தெரிகிறது. நம் ஆட்கள் யாரும் அவரிடம் 'ஏன்' என்று கேட்கவில்லை. அவரும் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. பாஷை தெரியாதது ஒரு காரணம்.

இப்போது அந்தப் போன். நீ கூப்பிட்டபோது நான் உசிலம்பட்டியில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு மாப்பிள்ளை பேசி, பூ பழத்தோடு தட்டை நடுவில் வைத்து, அவர்கள் பெரியவர் கையை நீட்டுகிறார். நீ கேட்ட பாத்திரச் சத்தம் அவர்கள் வீட்டுக் காப்பி டம்ளர். ஒரு கூடம் நிறைய ஆள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். தட்டோடு போனவன் தட்டோடு திரும்பினேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

தங்கப்பாண்டி


டூரின்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நீங்கள் உசிலம்பட்டிக்குத் தட்டோடு போவதை என்னிடம் சொல்லவில்லை. நான் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போவதை உங்களிடம் சொல்லவில்லை. ஒரே நாள், ஒரே நேரம். இதில் யார் மீது கோபப்பட வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியவில்லை. முன்பு ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

இந்த நிலையில் நேற்று மாமி போன் செய்தார். நீங்களும் அண்ணியும் சிம்மக்கல் வந்தீர்களாம். வேட்டி சட்டை, பட்டுச்சேலை. தட்டில் பூ, பழம், வெற்றிலை, பத்திரிகை வைத்துக் கொடுத்தீர்களாம். "ஒங்க அண்ணன் உக்காரவே இல்லம்மா, நின்னுக்கிட்டே ரெண்டு கையாலயும் குடுத்தாரு" என்றார். பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறது, வாசியுங்கள் மாமி என்றேன். மாமா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாராம். மாமி படம் அனுப்பினார். தட்டு தெரிகிறது. ஆப்பிள் தெரிகிறது. வெற்றிலை தெரிகிறது. பத்திரிகை மூடியபடி இருக்கிறது!

திவ்யாவிடம் கேட்டால், "அப்பா எழுதுவாருன்னு சொன்னாரு அத்தை, நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்கிறாள்.

நாளைக்குள் கண்காட்சிக்கு எழுத்தைக் கொடுக்க வேண்டும். மூன்று கதையையும் வரிசையாக எழுதி, எது உண்மை என்று தெரியவில்லை என்று முடித்திருக்கிறேன். மேலதிகாரி என்ன சொல்வார் என்று தெரியாது. அது கிடக்கட்டும். அண்ணே, அந்தத் தட்டு மாமா வீட்டுக்கு வைத்ததா, எனக்கு வைத்ததா?

ஜோதி


பேரையூர்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜோதிக்கு,

உடன்பிறந்தவளுக்குப் பத்திரிகை தபாலில் போடுவது கிடையாது. போனிலும் அனுப்புவது கிடையாது. அவள் வாழப்போன வீட்டுக்கு நேரில் போய், தட்டில் வைத்து, அவள் மாமனார் மாமியார் கையில் கொடுக்க வேண்டும். அதுவும் ஊருக்கு வைப்பதற்கு முன்னால், முதல் பத்திரிகையாக வைக்க வேண்டும். வைத்தாயிற்று. இது உனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் தனியாக ஒன்றும் எழுதவில்லை. நீ அங்கே இருந்துகொண்டு பதிலுக்காகத் தவித்ததை இப்போதுதான் புரிந்துகொள்கிறேன். நான் நிருபர் என்று பெயர், முதல் வரியில் எழுத வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பெயர் இருக்கிறது. 'அத்தை, மாமா: நாகஜோதி, முகமது ஆசிப், இத்தாலி.' 'இத்தாலி' போடலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். போடச் சொன்னேன். பங்காளிகளில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டேன். அவர்களும் வருவார்கள், பேசுவார்களா என்று தெரியவில்லை. தூண் இருக்கிறது.

சிம்மக்கல்லில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உன் மாமியார் தட்டை வெறுமனே தரக் கூடாது என்று அதில் சர்க்கரை போட்டுத் தந்தார். உசிலம்பட்டி தாண்டும்போது உன் அண்ணி, "என்னங்க, தட்ட இப்படி மடியில வச்சுக்கிட்டே வாரீங்க, கீழ வைங்க" என்றாள். அதே தட்டுதான்.

அந்த பெஞ்சைக் கழுவி மண்டபத்துக்குள் தூக்கிப் போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில், கடைசி வரிசையில். எதற்குச் செய்தார் என்று உன்னை மாதிரியே எனக்கும் தெரியவில்லை. நீ எழுதியது சரி. மூன்றையும் போடு.

பெண்ணைப் பெற்றவன் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடியும். அத்தைக்காரியும் அதற்கு முன்னால் உட்காரக் கூடாது. வந்தவர்களைக் கவனிக்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் கடைசிப் பந்தி. அதற்குப் பின்னால் இடம் பிடித்து நிற்க ஆள் இருக்காது. அந்தப் பக்கம் யாருக்கும் வேண்டியதில்லை. நீயும் நானும் ஒரே பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம். ஆசிப் மாப்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

மதுரையில் இறங்கியதும் போன் பண்ணு.

அண்ணன்